ஊசி ஏற்றி இத்தனை வருடமாயிற்று, இன்னும் வேலை செய்கிறதா? கல நிர்ப்பீடனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் ஓர் ஆய்வுகூடத்தில் குருதி எடுப்பதும் பரிசோதிப்பதும் என் வேலை. கையில் பட்டியைக் கட்டி நரம்பைத் தட்டிப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தில்தான் மனிதர்களுக்கு எல்லாச் சந்தேகமும் வரும். கொலஸ்ட்ரோல் பார்க்க வந்தவர் கொவிட் ஊசியைப் பற்றிக் கேட்பார். "பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையில் நின்று ஏற்றினோமே, அது இப்போதும் உடம்பில் இருக்கிறதா?" களுவாஞ்சிகுடியிலிருந்து வந்தவரும் இதைக் கேட்டார், காத்தான்குடியிலிருந்து வந்தவரும் கேட்டார், திருக்கோவிலிலிருந்து வந்த அம்மாவும் கேட்டார். ஊசி குத்தும் நேரத்தில் முழுப் பதிலும் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்லன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஊசியால் வந்த கல நிர்ப்பீடனம், அதாவது உடம்பின் கலங்களே தரும் நோயெதிர்ப்பு, எத்தனை காலம் இருக்கும்?

வருடக்கணக்கில். கொவிட் ஊசி பொதுமக்களுக்கு ஏற்றப்படத் தொடங்கியதே 2020 டிசம்பரில்தான். ஆகவே இருபது வருடம் கழித்து என்னவாகும் என்று கண்ணால் கண்டவர் உலகத்தில் எவரும் இல்லை. ஆனால் ஊசி ஏற்றி ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் அதற்கு அப்பாலும் குருதி எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பெரும்பாலானோரிடம் அந்த வைரசை நினைவில் வைத்திருக்கும் டி-கலங்கள் (ஒரு வகை வெண்குருதிக் கலங்கள்) இருந்தன. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வைரசைப் பற்றி அதைவிட நீண்ட சாட்சியம் இருக்கிறது, கீழே வருகிறது.

பால்மா பெட்டியில் அடித்திருப்பதுபோல ஒரு காலாவதித் திகதியை மட்டும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அப்படியொன்று இல்லை. "எத்தனை காலம் இருக்கும்" என்பதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: எத்தனை காலம் வருத்தமே வராமல் இருக்கும், எத்தனை காலம் வருத்தம் முற்றாமல் இருக்கும். முதலாவதற்குப் பதில் சில மாதங்கள். கல நிர்ப்பீடனம் இரண்டாவதோடு சம்பந்தப்பட்டது.

கல நிர்ப்பீடனம் என்றால் என்ன? பிறபொருளெதிரியும் அதுவும் ஒன்றா?

இல்லை. கல நிர்ப்பீடனம் என்பது டி-கலங்கள் தரும் பாதுகாப்பு. அம்பாறைப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். காட்டோரத்தில் யானை மின்வேலி இருக்கிறது. உள்ளே பரணில் யானை வெடியோடு ஆள் காவல் இருக்கிறார். பிறபொருளெதிரி (அன்டிபொடி) என்பது வேலி. வைரசு நமது கலத்துக்குள் புகுமுன்னரே அதைப் பற்றிக்கொண்டு தடுத்துவிடும். டி-கலம் என்பது பரணில் இருக்கும் ஆள். வேலியைத் தாண்டி யானை உள்ளே வந்த பிறகுதான் அவருக்கு வேலை.

டி-கலம் மிதந்து திரியும் வைரசைப் பார்ப்பதில்லை. நமது கலம் ஒவ்வொன்றும் தனக்குள் என்ன புரதம் செய்யப்படுகிறது என்பதன் சிறு துண்டுகளை வெளிச்சுவரில் மாட்டி வைக்கிறது, கடைக்காரர் சாமானை வாசலில் தொங்கவிடுவதுபோல. வைரசு புகுந்த கலத்தின் வாசலில் வைரசின் துண்டு தொங்கும். அதைக் கண்டதும் கொல்லும் டி-கலம் அந்தக் கலத்தையே அழித்துவிடுகிறது. யானையை விரட்டுவதற்குப் பதிலாக யானை நிற்கும் பாத்தியையே எரித்துவிடுவது மாதிரி. உவமை இங்கே கொஞ்சம் நொண்டுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வகை, உதவும் டி-கலம். அது பிறபொருளெதிரி செய்யும் பி-கலத்துக்கும் கொல்லும் டி-கலத்துக்கும் உத்தரவும் ஊக்கமும் கொடுக்கிறது. உதவும் கலம் இல்லாவிட்டால் நல்ல பிறபொருளெதிரியும் உண்டாகாது. இரண்டு படைகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவது நமது வசதிக்காகத்தான்.

மூன்று ஊசி ஏற்றியும் எனக்குக் கொவிட் வந்ததே. அந்த டி-கலங்கள் எங்கே போயிருந்தன?

நித்திரையில் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். நினைவுக் கலம் ஓய்வில் இருக்கும். வைரசின் துண்டைக் கண்டு விழித்து, பிரிந்து பெருகி, ஆயிரக்கணக்கில் திரண்டு தொண்டைக்கும் நுரையீரலுக்கும் வந்து சேர்வதற்குச் சில நாள்கள் வேண்டும். ஒமிக்ரோன் தொற்றி ஏறத்தாழ மூன்று நாளிலேயே தொண்டை கரகரக்கத் தொடங்கிவிடுகிறது. படை திரளுமுன் தடிமன் வந்துவிடும்.

சின்னமுத்தை (தட்டம்மையை) பாருங்கள். அது தொற்றிக் காய்ச்சல் வெளியே தெரிய ஏறக்குறைய பத்து நாளும், உடம்பில் போட ஏறக்குறைய இரண்டு வாரமும் எடுக்கிறது. அந்த இடைவெளி முழுவதும் நினைவுக் கலங்களுக்குச் சொந்தம். ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் சின்னமுத்துக்கு எதிராக ஏற்றுகின்ற எம்.எம்.ஆர். ஊசி ஆயுள் முழுவதற்கும் போதுமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஊசி கெட்டிக்காரத்தனமானது என்பதைவிட, வைரசு சோம்பேறி என்பது பொருத்தம்.

கொவிட்டிலும் ஒரு தாமதம் உண்டு. ஆபத்தான கட்டம், அதாவது நுரையீரல் பழுதாகி ஒட்சிசன் தேவைப்படும் கட்டம், அறிகுறி தொடங்கி ஒரு வாரம் பத்து நாள் கழித்தே பெரும்பாலும் வருகிறது. அதற்குள் டி-கலங்கள் திரண்டுவிடும். அதனால்தான் பழைய ஊசி தடிமனைத் தடுக்கத் தவறினாலும் வைத்தியசாலைக் கட்டிலைத் தடுக்கிறது. 2021இல் வார்ட்டுகள் இருந்த நிலையையும் பின்னர் ஒமிக்ரோன் அலையில் இருந்த நிலையையும் இரண்டையும் பார்த்தவன் நான். வீட்டுக்கு வீடு தொற்றியது. ஒட்சிசனுக்கு ஓடியவர்கள் முன்னையதைப்போல இல்லை. ஒமிக்ரோனே சற்று மென்மையானது என்பதும் அதில் ஒரு பங்கு. முழுப் புகழையும் ஊசிக்குக் கொடுத்துவிட முடியாது.

ஆறு மாதத்தில் ஊசியின் சக்தி போய்விடும் என்று செய்திகளில் சொன்னார்களே?

சொன்னது பிறபொருளெதிரியைப் பற்றி. நாம் கேட்டுக்கொண்டது எல்லாவற்றையும் பற்றி.

டி-கலங்களும் குறையத்தான் செய்கின்றன. ஊசி ஏற்றி ஓரிரு வாரத்தில் அவை உச்சத்துக்குப் போகும். பிறகு அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செத்துப்போகும். கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் பெரும்போக அறுவடை முடிந்தபின் வீட்டில் என்ன நடக்கிறது? முற்றத்தில் மலைபோலக் கிடந்த நெல் விற்பனைக்கும் கடனுக்கும் குத்துவதற்கும் போய்விடுகிறது. மூலையில் நாலைந்து மூட்டை விதைநெல் மிஞ்சுகிறது. தை மாதத்து மலையையும் ஆவணி மாதத்து மூட்டையையும் ஒப்பிட்டு "நெல் அழிந்துவிட்டது" என்று எவரும் சொல்வதில்லை. மிஞ்சும் ஐந்து பத்து சதவீதம்தான் நினைவுக் கலங்கள். அடுத்த போகத்துக்கு அதுவே போதும்.

இந்தக் குறைதல் ஒரே வேகத்தில் நடப்பதும் இல்லை. கொவிட் வந்து மாறியவர்களைத் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், முதல் மாதங்களில் டி-கலங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைய மூன்றிலிருந்து ஐந்து மாதம் எடுத்தது. அதே வேகத்தில் கோடு போட்டால் இரண்டு மூன்று வருடத்தில் அனேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் கோடு அப்படிப் போகவில்லை. போகப் போகச் சரிவு தளர்ந்து தட்டையாகிறது. வேகமாகச் சாகும் கலங்கள் முதலில் சாகின்றன. நின்று பிழைக்கும் கலங்கள் மிஞ்சுகின்றன. அவற்றில் சில தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் தன்மை உள்ளவை. முதல் ஆறு மாதத்தை மட்டும் பார்த்துப் பயந்தவர்கள் வாய்க்காலின் மேல் மடையைப் பார்த்துவிட்டுக் கடைமடையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர்கள்.

பதினேழு வருடம் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

சிங்கப்பூரிலிருந்து. 2003இல் சார்ஸ் என்ற நோய் ஆசியாவின் சில நகரங்களை உலுக்கியது. அந்த வைரசு இன்றைய கொவிட் வைரசின் நெருங்கிய உறவு. அன்று நோய் வந்து பிழைத்த 23 பேரின் குருதியைப் பதினேழு வருடம் கழித்து 2020இல் ஆராய்ந்தபோது, சார்ஸ் வைரசின் உட்புறப் புரதத்தை அறியும் டி-கலங்கள் இன்னும் இருந்தன. அந்தப் பதினேழு வருடத்தில் அவர்கள் எவரும் அந்த வைரசை மறுபடி சந்திக்கச் சந்தர்ப்பமே இருக்கவில்லை, ஏனென்றால் 2004க்குப் பிறகு சார்ஸ் மனிதர்களிடையே பரவவில்லை. இத்தனைக்கும் சார்ஸ் வந்தவர்களின் பிறபொருளெதிரி இரண்டு மூன்று வருடங்களிலேயே மிகவும் குறைந்துபோனதை அதற்கு முந்திய ஆய்வுகள் காட்டியிருந்தன.

ஒரு எச்சரிக்கை. அவர்களுக்கு வந்தது நோய், ஊசி அன்று. கடும் நோய் பதிக்கும் நினைவும் ஊசி பதிக்கும் நினைவும் ஒரே ஆழம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். "கொவிட் ஊசி 17 வருடம் நிற்கும்" என்று முகநூலில் யாராவது எழுதியிருந்தால் அவர் பாதிக் கதையைத்தான் படித்திருக்கிறார்.

நான் ஏற்றியது சைனோபாம். அதில் டி-கலம் உண்டாகுமா, அல்லது வெறும் தண்ணீரா?

இந்த "வெறும் தண்ணீர்" கதை எனக்கு எரிச்சலூட்டும் கதைகளில் ஒன்று. இலங்கையில் 2021 ஜனவரி 29இல் கொவிஷீல்டோடு ஊசித் திட்டம் தொடங்கியது. ஆனால் நாட்டில் மிகப் பெரும்பாலானோரின் முதல் இரண்டு ஊசிகள் சைனோபாம்தான். மூன்றாவதாகப் பலருக்குப் பைசர் ஏற்றப்பட்டது.

சைனோபாம் என்பது கொல்லப்பட்ட முழு வைரசு. பைசர் ஊசி வைரசின் முட்புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் கொடுக்கிறது; கொவிஷீல்டும் அதே முட்புரதத்துக்கான மரபணுவை வேறொரு தீங்கற்ற வைரசில் ஏற்றி அனுப்புகிறது. இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. பைசரிலும் கொவிஷீல்டிலும் புரதம் நமது கலத்துக்குள்ளேயே செய்யப்படுவதால் அதன் துண்டுகள் வாசலில் நன்றாகத் தொங்கும். கொல்லும் டி-கலங்கள் அதைப் பார்த்துப் பழகும். செத்த வைரசு கலத்துக்குள் புகுந்து எதையும் செய்வதில்லை. ஆகவே சைனோபாமில் கொல்லும் டி-கலத்தின் பங்கு பொதுவாகக் குறைவு, உதவும் டி-கலத்தின் பங்கு கூடுதல். மறுபக்கத்தில், முழு வைரசும் இருப்பதால் முட்புரதத்தோடு சேர்த்து வைரசின் மற்றப் புரதங்களையும் உடம்பு கற்றுக்கொள்கிறது. அந்த மற்றப் புரதங்கள் திரிபுக்குத் திரிபு அவ்வளவாக மாறுவதில்லை.

நமது நாட்டிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் சந்திம ஜீவந்தர, நீலிகா மலவிகே ஆகியோரின் குழு, முன்பு தொற்று வராத 282 இலங்கையரிடம் சைனோபாமுக்குப் பிறகு பரிசோதித்தது. 95 சதவீதமானோரிடம் பிறபொருளெதிரி உண்டாகியிருந்தது. 20 முதல் 39 வயதினரில் 98.9 சதவீதம், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 93.3 சதவீதம். டி-கலங்களையும் அவர்கள் தேடினார்கள். பைசர் அளவுக்கு உச்சத்துக்குப் போகவில்லை என்பது உண்மை. தண்ணீர் இப்படி எதையும் செய்யாது.

இரண்டு சைனோபாமும் ஒரு பைசரும் ஏற்றியவர்களுக்கு என் பதில்: ஒரே காணியில் இரண்டு இன நெல் விதைத்திருக்கிறீர்கள். அது மோசமான விவசாயம் இல்லை.

வைரசு உருமாறிக்கொண்டே போகிறதே. பழைய நினைவு புதிய திரிபுக்கு உதவுமா?

பெருமளவுக்கு உதவும். 2021 நவம்பரில் தென்னாபிரிக்காவிலிருந்து ஒமிக்ரோன் அறிவிக்கப்பட்டபோது கேப் டவுன் ஆய்வாளர்கள் உடனே பார்த்த விடயங்களில் இதுவும் ஒன்று. ஊசி ஏற்றியவர்களிடமும் முன்பு தொற்று வந்தவர்களிடமும் டி-கலங்களின் எதிர்வினையில் 70 முதல் 80 சதவீதம் ஒமிக்ரோனுக்கு எதிராகவும் அப்படியே நின்றது. அதே திரிபு, பிறபொருளெதிரியைப் பெருமளவு ஏய்த்துவிட்டது.

காரணம் எளிது. பிறபொருளெதிரி வைரசின் முகத்தில் சில இடங்களை மட்டுமே பற்றுகிறது. அந்த இடங்கள் மாறினால் பிடி வழுக்கிவிடும். டி-கலம் புரதத்தின் பல துண்டுகளை அறியும். பத்துத் துண்டில் இரண்டு மாறினால் எட்டு மிஞ்சும். எந்தத் துண்டு யாருடைய வாசலில் தொங்கும் என்பது அவரவர் பரம்பரையைப் பொறுத்தது. ஒரே வீட்டில் ஒரே ஊசி ஏற்றிய அண்ணனும் தம்பியும் வெவ்வேறு துண்டுகளை நினைவில் வைத்திருப்பார்கள். எல்லோரையும் ஒரே சமயத்தில் ஏமாற்ற வைரசால் முடியாமல் இருப்பதற்கு இந்த வேற்றுமை ஒரு காரணம்.

என் டி-கலம் எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதித்துத் தருவீர்களா? காசு பிரச்சினை இல்லை.

குருதி எடுக்கும் கதிரையில் அடிக்கடி வரும் கேள்வி இதுதான். சீனி பார்ப்பதுபோல ஒரு துளியில் பார்க்கக்கூடிய விடயமாக இருந்தால் இந்நேரம் நானே எல்லோருக்கும் பார்த்திருப்பேன்.

பிறபொருளெதிரி ஒரு புரதம். குருதியைப் பிரித்து உறைகுளிரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், ஆறுதலாக அளக்கலாம். டி-கலம் உயிருள்ளது. குருதி எடுத்துச் சில மணித்தியாலங்களுக்குள் உயிரோடு வைத்துக்கொண்டு, வைரசின் புரதத் துண்டுகளை அதற்குக் காட்டி, உடல் வெப்பத்தில் ஓர் இரவு அடைவைத்து, அது இன்டர்பெரோன் காமா என்ற பொருளைச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது சாதாரணக் குளிரூட்டியைக் காப்பாற்றவே நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அடைவைக்கும் பெட்டியை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

சரி, பணம் கொட்டி அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு சிக்கல். உடம்பிலுள்ள நிணநீர்க் கலங்களில் குருதியில் சுற்றுபவை ஏறத்தாழ நூற்றில் இரண்டுதான். மிச்சம் நிணநீர்க் கணுவிலும் மண்ணீரலிலும் என்பு மச்சையிலும் குடலிலும் நுரையீரலிலும் குடியிருக்கின்றன. பிரதான வீதியில் போகும் ஆட்களை எண்ணி ஊரின் சனத்தொகையைச் சொல்வதுபோன்ற வேலை இது. இரண்டாவது, எந்த எண்ணுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு, எதற்குக் கீழே ஆபத்து என்று உலகம் ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் இல்லை. எண்ணைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தலாம் அல்லது மகிழ்விக்கலாம். வேறு பயன் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன். உங்களில் பலருக்கு டி-கலப் பரிசோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது, அந்தப் பெயர் தெரியாமல். காசநோய்ச் சந்தேகத்தில் முன்கையில் தோலுக்குள் ஒரு சொட்டு மருந்தை ஏற்றி, இரண்டு மூன்று நாள் கழித்து வந்து காட்டச் சொல்வார்களே, அந்த மாந்தோ பரிசோதனை. அங்கே தடித்து எழும்பும் வீக்கம் டி-கலங்கள் திரண்டு வந்ததன் அடையாளம். உடனே வீங்காமல் இரண்டு மூன்று நாள் எடுப்பதற்குக் காரணம், மேலே சொன்ன அதே "படை திரளும் நேரம்". பிறந்தவுடன் இடது கையில் ஏற்றிய பி.சி.ஜி. ஊசியினாலும் பல வருடம் கழித்துச் சிலருக்கு அந்த வீக்கம் வரலாம். கண்ணுக்குத் தெரியும் நினைவு அது.

தனியாரிடம் பிறபொருளெதிரி பார்த்தேன், குறைவு என்று வந்தது. பயப்பட வேண்டுமா?

வேலி தாழ்ந்திருக்கிறது. பரணைப் பற்றி அந்தத் தாள் ஒன்றும் சொல்லவில்லை.

டி-கலம் உண்மையில் காப்பாற்றுகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? கூடவே பிறபொருளெதிரியும் இருக்கிறதே.

நல்ல கேள்வி, ஆசிரியர் ஒருவர் கேட்டது. பிறவியிலேயே பி-கலம் இல்லாத சிலர் இருக்கிறார்கள். அவர்களால் பிறபொருளெதிரி செய்யவே முடியாது. 2020இல் இத்தாலியில் அப்படிப்பட்ட இருவருக்குக் கொவிட் நிமோனியா வந்தது. செயற்கைச் சுவாசமோ தீவிர சிகிச்சையோ இல்லாமல் குணமானார்கள். குரங்குகளில் செய்த பரிசோதனையும் உண்டு. முன்பு தொற்று வந்து மாறிய குரங்குகளிலிருந்து கொல்லும் டி-கலங்களை அகற்றிவிட்டு மறுபடி வைரசைக் கொடுத்தபோது பாதுகாப்பு ஓரளவு குறைந்தது. பிறபொருளெதிரி தாழ்ந்திருந்த நிலையில் டி-கலத்தின் தேவை தெரிந்தது.

இன்புளுவென்சாவிலும் இதே கதை. 2009 பெருந்தொற்றின்போது லண்டனில் முன்கூட்டியே குருதி எடுத்து வைத்திருந்தவர்களில், வைரசின் உட்புறப் புரதங்களை அறியும் கொல்லும் டி-கலம் கூடுதலாக இருந்தவர்களுக்கு, தொற்று வந்தபோதும் வருத்தம் இலேசாகவே போனது. தொற்று வரவில்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். இலேசாகப் போனது.

அம்மாவுக்கு 74 வயது, நீரிழிவும் இருக்கிறது. அவருக்கும் இதே கணக்கா?

அதே கணக்கில்லை. புதிய டி-கலங்கள் முதிரும் இடம் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி. பருவ வயதுக்குப் பிறகு அது சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. ஆகவே வயதானவர் ஒரு புதிய வைரசைக் கற்றுக்கொள்வது மெதுவாகவும் குறைவாகவும் நடக்கும். ஏற்கெனவே கற்றதை நினைவில் வைத்திருப்பது அவ்வளவு மோசமில்லை. பழைய பாட்டு மறக்காத, புதிய தொலைபேசி பழகாத அம்மம்மாவைப் போல. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு இந்தக் கலங்களின் வேலையை மேலும் மந்தமாக்கும். நமது கரையோரக் கிராமங்களில் நீரிழிவு எவ்வளவு என்பது தினமும் என் மேசையில் தெரிகிறது. அம்மாவின் டி-கலத்துக்கு இன்று நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அவருடைய சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்து, கிளினிக் திகதியைத் தவறவிடாமல் இருப்பது.

இன்னும் கவனம் வேண்டியவர்கள்: சிறுநீரகம் மாற்றியவர்கள், குருதி சுத்திகரிப்புச் செய்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீரொயிட் குளிசையை நீண்ட காலம் கூடிய அளவில் எடுப்பவர்கள். இவர்களில் ஒரு சிறு கூட்டம் ஆச்சரியமானது. மூட்டுவாதத்துக்கும் சில குருதிப் புற்றுநோய்களுக்கும் கொடுக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து பி-கலங்களை அழித்துவிடும். அந்த மருந்தில் இருப்பவருக்கு ஊசி ஏற்றினால் பிறபொருளெதிரி அனேகமாக வராது. ஆனால் டி-கலம் நன்றாகவே வருகிறது. "பிறபொருளெதிரி வராதென்றால் எனக்கு ஊசி எதற்கு" என்று அவர்கள் கேட்கும்போது சொல்ல நமக்குப் பதில் இருக்கிறது.

வாப்பா ஹஜ்ஜுக்குப் போகிறார். போன வருடம் இன்புளுவென்சா ஊசி ஏற்றினார். மறுபடி ஏன் ஏற்றச் சொல்கிறார்கள்?

இன்புளுவென்சா ஊசி பெரும்பாலும் வைரசின் வெளித்தோற்றத்துக்கு எதிரான பிறபொருளெதிரியை நம்பியே செய்யப்படுகிறது. அந்தத் தோற்றம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது, பிறபொருளெதிரியும் மாதக்கணக்கில் இறங்குகிறது. பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக ஏற்றிவிடச் சொல்லுங்கள். விமானம் ஏறும் அன்று காலையில் ஏற்றினால் வேலி கட்டுமுன் யானைக்கூட்டத்துக்குள் போன கதைதான். மெனிஞ்சைட்டிஸ் ஊசி வேறு, அது பயணத்துக்குக் கட்டாயம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மஞ்சட் காய்ச்சலுக்கு ஒரே ஊசி ஆயுளுக்கும் போதும் என்கிறார்களே. கொவிட்டுக்கும் அப்படி ஒன்று செய்ய முடியாதா?

மஞ்சட் காய்ச்சல் ஊசியின் சான்றிதழ் 2016இலிருந்து ஆயுள் முழுவதற்கும் செல்லும். அது உயிருள்ள, வலுவிழந்த வைரசு. உடம்பில் சில நாள் பெருகி ஆழமாகப் பதிகிறது. அதனால் உண்டான கொல்லும் டி-கலங்கள் பல வருடம் வாழ்வதையும், வருடத்துக்கு ஒரு தடவைகூடப் பிரியாமல் அமைதியாகக் காத்திருப்பதையும் அளந்திருக்கிறார்கள். ஆனால் பெரிய வித்தியாசம் களத்தில் இருக்கிறது. மஞ்சட் காய்ச்சல் வைரசு நுளம்பு கடித்து உள்ளே வந்து குருதிவழியே பரவ வேண்டும்; குருதி நிறையப் பிறபொருளெதிரி காத்திருக்கிறது. சுவாச வைரசு மூக்கின் ஈரத்தோலிலேயே இறங்கி அங்கேயே பெருகிவிடுகிறது. கையில் ஏற்றிய ஊசி மூக்கில் காவல் போடுவது குறைவு.

அதனால்தான் மூக்கால் கொடுக்கும் ஊசிகளுக்கு முயல்கிறார்கள். சுவாசப் பாதையின் சுவரிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் டி-கலங்கள் உண்டு. அவற்றை அங்கேயே வளர்ப்பது நோக்கம். இந்தியாவும் சீனாவும் 2022இல் மூக்கால் அல்லது மூச்சால் எடுக்கும் கொவிட் மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தன. எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. சுவரில் குடியிருக்கும் அந்தக் கலங்கள் நுரையீரலில் எத்தனை காலம் நிலைக்கும் என்பது இன்னும் தெளிவாகாததுதான் இடிக்கிறது.

நான் கர்ப்பிணி. என் டி-கலம் பிள்ளைக்குப் போகுமா?

பிறபொருளெதிரி தொப்புள்கொடி வழியே போய்ப் பிள்ளையை முதல் மாதங்களில் காக்கும். டி-கல நினைவு அப்படிப் போவதில்லை. பிள்ளை தானே படிக்க வேண்டும். ஊசி பற்றி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

அடிக்கடி ஊசி ஏற்றினால் டி-கலம் களைத்துவிடும் என்று வட்சப்பில் வந்தது.

களைப்பு என்பது உண்மையான விடயம்தான். வந்த இடம்தான் பிழை. நாட்பட்ட ஈரல் அழற்சி, எச்.ஐ.வி., புற்றுநோய் ஆகியவற்றில் எதிரி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓயாமல் உடம்பில் இருந்துகொண்டே இருப்பதால் டி-கலங்கள் சோர்ந்துவிடுகின்றன. மாத இடைவெளியில் ஏற்றும் சில ஊசிகளில் அந்தப் புரதம் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ போய்விடுகிறது. நடுவில் ஓய்வு கிடைக்கிறது. இடைவெளி விட்டு ஏற்றும்போது நினைவு பலப்படுகிறது; முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் இடையில் வாரக்கணக்கில் காத்திருக்க வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கொத்தமல்லி, இஞ்சி, வேது பிடித்தல்?

தொண்டைக்கு இதம். எங்கள் வீட்டிலும் உண்டு. நினைவுக் கலம் இதனால் உண்டாவதில்லை.

கடைசியாக, நான் இன்னொரு ஊசி ஏற்ற வேண்டுமா?

உலக சுகாதார நிறுவனம் 2023இல் மக்களை மூன்று கூட்டமாகப் பிரித்தது. முதியவர்கள், நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், கர்ப்பிணிகள், முன்னணிச் சுகாதார ஊழியர்கள் ஆகியோருக்கு, முந்தியதிலிருந்து 6 அல்லது 12 மாத இடைவெளியில் மேலும் ஊசி என்று அப்போது சொன்னது. முதியவரல்லாத சுகதேகியான வயதுவந்தோருக்கு முதல் தொடரும் (ஆரம்பத்தில் ஏற்றும் ஊசிகள்) ஒரு பூஸ்டரும் போதும் என்றது; அதற்கு மேல் வழமையாகப் பரிந்துரைக்கவில்லை. சுகதேகியான பிள்ளைகளுக்கு முன்னுரிமை குறைவு. இதுவரை நாம் பேசிய வேலியும் பரணும்தான் இந்தப் பிரிவினைக்குப் பின்னால் இருக்கிறது. பரண் பலமாக உள்ளவருக்கு வேலியை அடிக்கடி உயர்த்தத் தேவையில்லை. பரணில் ஆள் குறைந்தவருக்கு வேலியே துணை. உங்கள் பகுதியில் எந்த ஊசி கிடைக்கிறது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி அட்டையைத் தொலைத்துவிட்டேன்.

டி-கலம் அட்டை கேட்பதில்லை. பணிமனையில் கேட்பார்கள். போகும்போது அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள், பதிவில் தேடித் தரச் சொல்லலாம். இப்போது கையை மடியுங்கள், பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.